கவினுக்குப் பேச்சு வரவில்லை

ஜூலை 8, செவ்வாய்

ஆனியே முடியவில்லை, அதற்குள் ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்டதில் கவினின் இரண்டு ஜட்டியும் ஒரு துண்டும் பறந்து பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை மேல். போய்க் கேட்கவில்லை. டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரம்.

டாக்டர் பார்த்தது செத்த நேரம். கவினின் காதுக்குப் பின்னால் கை தட்டினார், திரும்பினான். பந்து எங்கே என்றார், எடுத்துக் கொடுத்தான்.

"காது நல்லா இருக்கு. புரியுது. அப்புறம் ஏன் பேசல?" என்று என்னைக் கேட்டார். அதைக் கேட்கத்தான் நான் அவரிடம் போயிருந்தேன்.

"வீட்டுல என்ன பாஷை?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது எங்களுக்கு. சொன்னேன். நானும் இவரும் எங்கள் பெரியவர்களோடு தெலுங்கு. எங்களுக்குள் பாதி தெலுங்கு, பாதி தமிழ். கவினிடம் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் மட்டும், நாளைக்கு ஸ்கூலில் தடுமாறக் கூடாது என்று. பகலில் நான் வேலைக்குப் போனதும் பின்வீட்டு மினதி பார்த்துக்கொள்வாள். அவள் இந்தி.

டாக்டர் விரல் மடக்கினார். "நாலு. பெரிய ஆளுக்கே தலை சுத்தும்மா. ஒன்னே ஒன்னு பேசுங்க. தமிழ்னா தமிழ். மத்ததெல்லாம் நிப்பாட்டுங்க. தீவாளி வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா மதுரைக்குப் போய் ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

என்ன டெஸ்ட் என்று கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

ஐப்பசியில் மூன்று வயது முடிகிறது. எங்கள் ஸ்கூல் கணக்கு மிஸ் பையன் இவனைவிடச் சின்னவன், ஸ்டாஃப் ரூமில் வந்து நின்று யார் யார் என்ன கலர் சேலை என்று சொல்கிறான். நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுவேன்.

இதுவரை கவின் சொல்வதில் எனக்குப் புரிவது: அம்மா. அப்பா. டாட்டா. கா (காக்கா). டோர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொழகொழ.

டோர் மட்டும் நான் சொல்லிக்கொடுத்து வந்தது. காற்றில் கதவு அடித்தால் "டோரோ, டோரோ" என்று ஓடி வருவான். "ஆமாடா தங்கம், டோர்" என்று கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டுவேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இத்தனை நாள் தைரியம்.

ஜூலை 9, புதன்

லீவு சொல்லியாச்சு. எச்.எம். முகம் போன போக்கு. "சோசியல் போர்ஷன் யார் முடிப்பா?"

மினதியிடம் சொன்னதுதான் கஷ்டம். எங்கள் காம்பவுண்டிலேயே பின்பக்கம் ஒற்றை ரூம் அவளுக்கு. புருசன் ரஞ்சன் நூல் மில்லில். ஒடிசாப் பக்கம். அவளுக்கும் ஒரு பெண் உண்டு, நாலு வயசு, ஊரில் அவள் அம்மாவிடம். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுவாள், பக்கத்தில் கவினும் உட்கார்ந்து ஸ்கிரீனைத் தடவுவான்.

நான் போனபோது தரையில் ஒரு தட்டு, எண்ணெய் பிசறிய பொரி, இரண்டு பேரும் கைவிட்டு அள்ளிக்கொண்டு சிரிப்பு. நான் வாசலில் நின்றதும் நின்றுவிட்டது. எப்போதும் இப்படித்தான். என் தலை தெரிந்ததும் கவின் வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடுவான்.

"மினதி, நாளையிலருந்து கவின் வர மாட்டான். நான் வீட்டுல இருக்கேன்."

"ஜொரம்?"

"இல்ல. டாக்டர் சொல்லிட்டார். ஒரே பேச்சுதான் பேசணுமாம் அவன்கிட்ட. தமிழ்."

"நான் தமிழ் பேசுது அக்கா." அவள் முகம் அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. "நல்லா பேசுது. சோறு. தூங்கு. ஏலே, எங்கடா போற."

கடைசியில் சொன்னது வீட்டுக்கார மேரி அக்காவின் குரலில் அப்படியே வந்தது. இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் தோள்வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அழவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத்தானே போகிறோம் என்று நினைத்திருப்பான்.

மேரி அக்கா படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு: "நல்ல காரியம் செஞ்ச ரேவதி. இந்திக்காரிகிட்ட விட்டா இந்திதான வரும். இப்ப பஸ்ஸுல ஏறுனா நாமதான் வெளியூருக்கு வந்த மாதிரி இருக்கு. கண்டக்டரே ஆவோ ஜாவோங்குறான்."

ஜூலை 11, வெள்ளி

இரண்டு நாளாக ஓயாமல் பேச்சு. இது தட்டு. இது டம்ளர். அம்மா வெங்காயம் உரிக்கிறேன். அம்மா அழுகலை, வெங்காயம். தொண்டை கட்டிவிட்டது.

காலையில் இட்லி இரண்டு வாய். அதோடு தலையைத் திருப்பிக்கொண்டான். சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

பதினொன்று இருக்கும். அடுப்படிக்கு வந்து நைட்டியைப் பிடித்து இழுத்தான். முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான். "போகோ."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "என்னப்பா? போகவா? போலாமா?"

"போகோ. போகோ லாகுச்சி."

போக. போகணும். வினைச்சொல். தமிழ் வினைச்சொல். இரண்டே நாளில். பின்னால் வருகிற கொழகொழ இருக்கட்டும், முதல் பாதி போதும். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு. எங்கே போகணும் என் ராஜாவுக்கு. மாடு பார்த்தோம். பூட்டுக் கடையில் தொங்கும் பெரிய பூட்டைப் பார்த்தோம். மலைக்கோட்டை தெரியும் முக்கு வரை நடந்தேன். வெயில், புழுதி, காற்று. அவன் "போகோ, போகோ" என்று சிணுங்கிக்கொண்டே வந்தான். போய்க்கொண்டுதானே இருக்கிறோம் என்கிறேன். கடைசியில் நடுரோட்டில் படுத்துவிட்டான். காலை உதைத்து, முகமெல்லாம் மண்.

முக்கில் பூ விற்கிற அம்மா: "ஏம்மா, பிள்ளை ஒரு இடத்துக்குப் போகணும்ங்குது, நீ ஒரு இடத்துக்குக் கூட்டிட்டு அலையுற."

அப்போதுதான் உறைத்தது. மினதியிடம் போகணும் என்கிறான்.

வீட்டுக்கு வந்து மோர் சாதம் ஊட்டினேன். அழுது அழுது அதையும் கக்கினான். சாயங்காலம் மறுபடி அதே. மேரி அக்கா எட்டிப் பார்த்து, "அப்படி ஒரு கார்ட்டூன் சேனல் இருக்குல்ல, அதைக் கேக்குறானோ என்னமோ" என்றார். அதையும் போட்டுப் பார்த்தேன். ரிமோட்டை எறிந்தான்.

காற்று நிற்கவில்லை. பின்கதவு கொண்டி சரியில்லை, டம் டம். "டோரோ" என்று வந்து காலைக் கட்டிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காவது ஒட்டிக்கொள்கிறானே என்று, அழுகையோடு, கதவைத் திறந்து மூடிக் காட்டினேன்.

வாங்க: கொண்டி, ஆணி. கொத்தமல்லி. ஓ.ஆர்.எஸ்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றினால் லோடோடு திருச்சூர், அங்கே கணக்கு முடித்துத் திரும்ப மூன்று நாள். வந்ததும் குளிக்கக்கூட இல்லை, சொன்னேன் எல்லாவற்றையும்.

"நான் பத்து வருசமா மலையாளம் பேசுறேன். எங்கம்மா என்னையத் தொலைச்சிட்டாளா? எதுக்கு இம்புட்டுப் பதட்டம்."

"நீங்க பேசத் தெரிஞ்சதுக்கு அப்புறம் மலையாளம் பேசுனீங்க."

துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

அத்தை போனில். அவர் பேசியது தெலுங்கு, எங்கள் தெலுங்கை எழுத எனக்கு எழுத்து தெரியாது, அதனால் தமிழில்: "நம்ம பேச்சை நீங்க ரெண்டு பேருமாச் சேந்து வாசலுக்கு வெளிய நிக்க வச்சீங்க. வீடு காலியா இருந்துச்சு, இன்னொருத்தி பேச்சு உள்ள வந்து உக்காந்துருச்சு. இப்ப என்னையக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல, கண்ணு."

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு எங்கே போக? கல்யாணமான புதிதில் திருப்பதி போனோம். கடையில் நான் என் தெலுங்கில் விலை கேட்டேன், நம் மொழி பேசுகிற ஊருக்கே வந்துவிட்டோம் என்ற மிதப்பில். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னார். "மெட்ராஸாம்மா?" இவர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. இங்கே ஸ்கூலில் படிக்கும்போது "ஏய், நீங்க தெலுங்குக்காரங்களாமே" என்பார்கள். அங்கே போனால் தமிழ்க்காரி. காலேஜில் ஹிஸ்டரி பேப்பரில் நாயக்கர் காலக் குடியேற்றம் பற்றி நாலு பக்கம் எழுதினேன். நல்ல மார்க். எங்கள் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. குடியேறியவர்கள் என்றால் யாரோ, மாட்டுவண்டியில்.

அதனால்தான் கவினுக்கு ஒரே மொழி, சுத்தமாக, யாரும் ஏற இறங்கப் பார்க்காத மாதிரி என்று முடிவெடுத்தோம். நான் எடுத்தேன். இவர் சரி என்றார்.

மத்தியானம் கவின் இவரிடம் போய் "போகோ". இவர் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினார். ஒரு மணி நேரம். போகும்போது தெருமுனை வரை அலறல் கேட்டது. வரும்போது சத்தமே இல்லை.

"சிறுமலை ரோட்டுல டீக்கடையில நிப்பாட்டுனேன். ஒரு முழு பன்னு தின்னுட்டான். காத்து பட்டதும் பசிச்சிருக்கு. அவனை நீ வீட்டுக்குள்ளயே அடைச்சு வைக்காத."

பன் தின்றான் என்றதில் எனக்குச் சந்தோஷம். என் கையால் தின்னவில்லை என்று அப்புறம் அழுகை. இவர் தூங்கிவிட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். "அக்கா, அக்கா." மினதி. நான் கவினைப் பெட்ரூமில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தேன். அவளைப் பார்த்தால் இவன் இன்னும் அழுவான், இத்தனை நாள் பட்டது வீணாகும். இன்னும் இரண்டு தடவை தட்டினாள். கவின் என் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன். பொத்தினேன் என்று எழுதத்தான் வேண்டும்.

இன்று காலை பின்வீட்டில் பூட்டு.

மேரி அக்கா: "மில்லுல அவளுக்கும் வேலை போட்டுக் குடுத்துட்டாங்களாம். அங்கயே ஹாஸ்டல்ல ரூம். வேடசந்தூர் ரோட்டுல இருக்குல்ல, அந்த மில்லு. நீ பிள்ளைய நிப்பாட்டிட்ட, அவ சும்மா உக்காந்திருப்பாளா? சொல்லிட்டுப் போகணும்னு உன் வீட்டுக்கு வந்தாளே, பாக்கலையா?"

"குளிச்சிட்டு இருந்தேன்கா."

கவின் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

குளிப்பாட்டும்போது பார்த்தேன். விலா தெரிகிறது. ஒரு வாரத்தில் இப்படியா. ஜட்டி இடுப்பில் நிற்கவில்லை. வேளாவேளைக்கு வைக்கிறேன். தட்டு வந்தால் வாயை இறுக்கிக்கொள்கிறான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் கழித்து "போகோ". படுத்துக்கொண்டும் "போகோ". தூக்கத்தில் புரண்டும்.

என்னை விட்டுப் போகணும் என்கிறான். என் மடியில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிறான். அவனுக்கு வந்த ஒரே தமிழ்.

இன்று ஒரு தடவை, "போ, போயித் தொலை, எங்க வேணாலும் போ" என்று கத்திவிட்டேன். அவன் நின்று பார்த்தான். அப்புறம் மெதுவாக என் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்தான். நான் கையை உதறினேன்.

எதற்கு இவனுக்கு நான். இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன், மறுபடி எழுதுகிறேன். எதற்கு இவனுக்கு நான்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

எழுத வரவில்லை. சரி, வரிசையாக.

லீவை நீட்டிக்கச் சொல்ல ஸ்கூலுக்குக் கிளம்பினேன். கவினை மேரி அக்காவிடம் விட்டேன். வேடசந்தூர் பஸ். ஆடி முதல் நாள், கூட்டம், எல்லாம் புதுமணப் பெண்களும் சீர்ப்பையும். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு வடக்கத்திப் பொம்பளை, கழுத்தில் மில் அட்டை, ஜன்னல் ஓரம் அவள் மகள், நாலு வயசு இருக்கும், தலையில் இரண்டு குடுமி. நான் முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் குழந்தை சொன்னது. "மா, போகோ லாகுச்சி."

அதே ராகம். அந்த 'லா' நீள்கிறது, 'ச்சி' அறுந்து விழுகிறது. என் மகன் வாய் மாதிரியே.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காட்டவில்லை. போகலாம், போகலாம் என்று சொல்லவில்லை. பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இரண்டை அந்தப் பிள்ளை கையில் வைத்தாள். பிள்ளை தின்றது. அழுகை இல்லை, ஒன்றுமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மாவிடம் என் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "போகோ? போகோ?" என்றேன். அவள் மிரண்டு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பிள்ளை என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, கையில் மிச்சமிருந்த பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து என்னிடம் நீட்டியது.

எனக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். ஸ்கூல் இன்னும் எவ்வளவோ தூரம். எதிர்ப் பக்கம் வந்து திரும்புகிற பஸ்ஸுக்கு நின்றேன், பாதி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் நின்ற ஒருவர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா" என்றார். தலையை ஆட்டினேன்.

வீட்டு வாசலிலேயே மேரி அக்கா, இடுப்பில் கவின். "வந்துட்டியா. என்னமோ போகோ போகோங்குறான். நானும் வாசலுக்கும் வீட்டுக்குமா நடையா நடந்துட்டேன். எங்கதான் போகணும் இந்த அப்புவுக்கு."

வாங்கிக்கொண்டு உள்ளே போய், தட்டில்கூடப் போடவில்லை, சட்டியிலேயே சோறும் பருப்பும் நெய்யும் பிசைந்தேன். தரையில் வைத்தேன். நானும் தரையில். "போகோ லாகுச்சி?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை எனக்கு. இரண்டு கையாலும் தின்றான். மூக்கில், காதில், சட்டையில். விக்கல் எடுத்தது, தண்ணீர் குடித்தான், மறுபடி தின்றான்.

பசிக்கிறது என்றான். ஒரு வாரமாகப் பசிக்கிறது, பசிக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறான். தெளிவாக, முகத்தைப் பார்த்து, நைட்டியைப் பிடித்து, அடுப்படிக்கே இழுத்துப்போய். நான் அவனுக்கு மாடு காட்டினேன். பூட்டுக் காட்டினேன். போயித் தொலை என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

கவின் நாலு வேளை சாப்பிட்டான். "போகோ" என்றதும் வைக்கிறேன். முந்தியே வைத்தால் தொடவில்லை. அவன் கேட்டுத் தின்ன வேண்டும் போல. மினதி அப்படிப் பழக்கியிருக்கிறாள். நான் மணி பார்த்து ஊட்டுகிறவள்.

இவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். லாரியை ஓரம் கட்டச் சொல்கிற குரல் கேட்டது. அப்புறம், "அன்னைக்கு அந்தப் பன்னு" என்றார்.

ஒடிசா, புவனேஸ்வர், ஒடியா. ஆறாம் வகுப்புக்கு நான் போர்டில் எழுதிப்போடுகிற பட்டியல்: மாநிலம், தலைநகர், மொழி. வருசா வருசம் கேள்வித்தாளில் பொருத்துக என்று கொடுக்கிறேன். தப்பாகப் பொருத்தினால் மார்க் கிடையாது. பின்வீட்டில் இருந்தவளுக்கு மட்டும் இந்தி.

போனில் ஒடியா தேடி வைத்தேன். யாரோ செய்தி வாசிக்கிறார்கள். கவின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவன் மொழி இல்லை. அவன் மொழி மினதி பேசுவது.

எனக்கு இது புரிய வேண்டும்தானே. எனக்குப் பசித்தால் உள்ளே முதலில் வருகிற சொல் இன்னும் 'ஆகலி'தான். ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா வாசலிலேயே "ஆகலா?" என்பாள். அதை நான் கவினிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "பசிக்குதா" என்றே சொன்னேன், டீச்சர் மாதிரி. அவனோடு நான் பேசிய எதுவும் என் வயிற்றிலிருந்து வரவில்லை. மினதி பேசியது அவள் வயிற்றிலிருந்து வந்தது. பிள்ளைக்குத் தெரியாதா.

இன்னும் இருக்கிறது. அவன் சொல்கிற கொழகொழ எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டேன் இன்று. கோளோ. நிதோ லாகுச்சி. ஆஉ. நாயி நாயி (நாயைப் பார்த்து இல்லை, தலையை ஆட்டிக்கொண்டு). ஒன்றும் தெரியவில்லை. எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறானோ இதையெல்லாம்.

சாயங்காலம் பெரிய காற்று. புதுக் கொண்டி போட்டும் கதவு அடித்தது. அவன் ஓடி வந்து என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு: "டோரோ. டோரோ லாகுச்சி."

நான் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

போகோ லாகுச்சி, பசிக்குது. டோரோ லாகுச்சி. கதவுக்கு எப்படி லாகுச்சி வரும்?

ஜூலை 20, ஞாயிறு

இவர் நேற்றே வந்துவிட்டார், லோடை வேறு ஆள் தலையில் கட்டிவிட்டு. காலையில் மூன்று பேரும் பைக்கில், வேடசந்தூர் ரோடு. கவின் நடுவில்.

மில் ஹாஸ்டல் கேட். ஞாயிறு மட்டும்தான் வெளியாள் பார்க்க விடுவார்களாம். செக்யூரிட்டி: "எந்த மினதி? உள்ள ஒரு டஜன் மினதி இருக்கு."

"ரஞ்சன் வீட்டுக்காரி," என்றார் இவர்.

"ரஞ்சன் அதைவிட சாஸ்தியா இருக்குங்க."

எப்படியோ உள்ளே சொல்லி அனுப்பினார். வேப்ப மரத்தடியில் நின்றோம். நிறைய பேர் போனில் பேசிக்கொண்டு நடந்தார்கள், எல்லாம் ஒரே பேச்சாகத்தான் முன்பு என் காதில் விழுந்திருக்கும். இன்று இரண்டு மூன்று தனித்தனியாகக் கேட்டது. வித்தியாசம் மட்டும். அர்த்தம் இல்லை.

மினதி வந்தாள். நீலக் கோட், முடியெல்லாம் பஞ்சு. கவின் இவர் கையை உதறிவிட்டு ஓடினான். "கோளோ" என்று கையைத் தூக்கினான், அவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சரி. கோளோ என்றால் அது.

அப்புறம் அவன் பேசினான்.

என் மகன் பேசினான். வாக்கியம், அதன் பின்னால் வாக்கியம். கையை ஆட்டினான், பைக்கைக் காட்டினான், காதைப் பிடித்து இழுத்து அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பேசினான். ஏதோ கேட்டான், அவள் பதில் சொல்லுமுன் அடுத்ததைக் கேட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு, எச்சில் தெறிக்க. அவள் "ஹை, ஹை" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் பார்க்கிற எந்தப் பிள்ளையும் மாதிரி இருந்தான்.

இவர் என் முழங்கையைப் பிடித்தார். "இவனா பேசல?"

மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். மதுரை டெஸ்ட், போனில் தேடியது எல்லாம் தலைக்குள் ஓடி ஓடி நின்றது. சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். ஆனால் இத்தனை பேச்சும் இவனுக்குள் இருந்திருக்கிறது, பத்து நாளாக எங்கள் வீட்டில் கேட்க ஆள் இல்லாமல்.

மினதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அன்னைக்கு கதவு தட்டினேன். நீ குளிக்குது, மேரி அக்கா போன்ல சொன்னா."

"ஆமா. குளிச்சிட்டு இருந்தேன்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி அக்கா," என்றாள்.

கேட்டேன். "மினதி, டோரோன்னா என்ன?"

"டோரோ..." அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கி, இரண்டு தோளையும் குறுக்கி, கவினை நெஞ்சோடு அணைத்துக் காட்டினாள். "பூச்சாண்டி வருது, அப்ப. பயம்."

இவர் வேறு பக்கம் பார்த்தார். நான் எத்தனை தடவை அந்தக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினேன் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் போனில் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறேன், இங்கிலீஷ் வருது என்று.

கவின் அவள் மடியிலிருந்து என்னைக் கை நீட்டிக் காட்டினான். காட்டிக்கொண்டே அவளிடம் ஒன்று சொன்னான். குரலைத் தாழ்த்தி, பெரிய மனுசன் மாதிரி, குறை சொல்கிற மாதிரியும் இல்லை. "அம்மா கதா கொஹுனி."

மினதி கோட்டின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றான்?"

"ஒன்னும் இல்ல அக்கா. சும்மா."

"சொல்லு மினதி."

"சின்னப் பையன் அக்கா."

"பரவால்ல. சொல்லு."

அவள் இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாக்குப் பேச்சு வரல, சொல்றான்."

உள்ளே ஏதோ விசில். கேட்டில் செக்யூரிட்டி கையைக் காட்டி வாங்க வாங்க என்றார். மினதி எழுந்தாள், கவின் அவள் கழுத்தை விடவில்லை.

"ஆமான்னு சொல்லு," என்றேன். "இப்பதான் கத்துக்குறேன்னு சொல்லு. அதுவரைக்கும் கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு அவன்கிட்ட."

அவள் அவன் காதில் சொன்னாள். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. அவன் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான்.